பதில் பெட்டியைத் திறந்துவைத்த பிறகு

வாசகர் பகுதியைக் கவனித்துக்கொள்ளப் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஜெபா போனில் சொன்னாள். உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லியும் கேட்டாள். எந்தப் பொத்தானை எங்கே வைப்பது, எந்த நிறம் கண்ணை இழுக்கும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் வேலையை விட்டு வந்த பிறகு அவற்றில் பாதி மாறியும் போயிருக்கும். அதனால் அந்தப் பக்கமே நான் போகவில்லை. ஒரு மத்தியானம் நடந்த சங்கதியைச் சொல்கிறேன். அந்த மத்தியானம் ஏன் வந்தது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

நம் இணையதளம் முதலில் வெறும் விளம்பரப் பலகையாகத்தான் இருந்தது. வீடு வாடகைக்கு, ஓவர்லாக் டெய்லர் தேவை, பழைய தையல் மெஷின் விற்பனைக்கு, அவ்வளவுதான். அதற்கும் முன்னால் வாரம் ஒருமுறை வெளிவந்த இலவச விளம்பரத் தாளில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தாள் நின்று தளமானபோது, மேசை நாற்காலியோடு என்னையும் சேர்த்து இந்தப் பக்கம் நகர்த்திவிட்டார்கள். முதலாளி வேலுச்சாமி அண்ணனுக்குப் பொங்கலூரில் தென்னந்தோப்பு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. இந்தத் தளத்தை அவர் ஆசைக்கு வைத்திருந்தார். ஆசைக்கு வைத்திருந்தாலும் அது தன் சோற்றைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

சம்பாதிக்கவில்லை. வந்தவர்கள் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவரொட்டியைப் படிக்கிறவன் சுவரிடம் நின்று பேசுவதில்லை அல்லவா, அப்படித்தான்.

அப்போதுதான் ஜெபா சேர்ந்தாள். அவள் அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து டெய்லர் வேலைக்கு இங்கே வந்து தங்கிவிட்டவர். அவள் பிறந்ததும் படித்ததும் திருப்பூர். ஆனால் வாயைத் திறந்தால் அப்பா ஊர்ப் பேச்சுத்தான் வரும். சேர்ந்த புதிதிலேயே, ஒவ்வொரு விளம்பரத்துக்குக் கீழேயும் கேள்வி கேட்கவும் பதில் எழுதவும் ஒரு பெட்டி வைக்கலாம் என்றாள்.

"கேக்கறவன் போன் பண்ணிக் கேட்டுக்கட்டுமே கண்ணு. நம்மளுக்கு எதுக்கு அந்த ரோதனை?" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

"போன்ல கேட்டா கேட்டவருக்கு மட்டுந்தான் சார் தெரியும். இங்கன கேட்டா எல்லாருக்கும் தெரியும்லா."

அவர் அரை மனதோடு சரி என்றார்.

பெட்டி வைத்த கொஞ்ச நாளில் பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு விளம்பரம் வந்தது. கீழே யாரோ, "தண்ணி எப்படிங்க?" என்று கேட்டிருந்தார். வீட்டுக்காரர், "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க" என்று பதில் போட்டார். அதற்குக் கீழே இன்னொருவர்: "நான் அந்த ஊட்டு மாடியில குடியிருக்கறவனுங்க. பஞ்சம் இல்லைங்கறது நெசந்தான். லாரிக்குச் சொன்னா வந்துருதுங்க."

வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்கம்மா, என்ர விளம்பரத்துக்குக் கீழ என்ர குடித்தனக்காரனே எழுதறான். அதைய எடுத்துப்போடுங்க."

"அவரு எழுதுனது பொய்ங்களா?"

"எடுத்துப்போடுங்கன்னா எடுத்துப்போடுங்க" என்றார். "எடுத்துட்டா அவரு மறுபடி எழுதுவாருங்க. நீங்க தொட்டி கட்டறதா இருந்தா அதையே கீழ எழுதிப்போடுங்க" என்றேன். அவர் திட்டிவிட்டு வைத்துவிட்டார். ஆனால் சில நாட்களுக்குப் பிறகு, தொட்டி கட்டும் வேலை நடப்பதாகப் படத்தோடு எழுதினார். மாடி வீட்டுக்காரரே, "ஆமாங்க, கட்டறாங்க" என்று ஒரு வரி போட்டார். வீடு வாடகைக்குப் போய்விட்டது. அந்த விளம்பரத்தைப் பார்க்க, வாடகை வீடு தேவைப்படாதவர்களும் வந்து போனார்கள் என்று ஜெபா கணக்குக் காட்டினாள். எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. ஜனங்கள் வந்தது வீட்டைப் பார்க்க இல்லை, அந்த இரண்டு பேரைப் பார்க்க.

பிறகு கம்பெனி வேன்கள் பற்றிய பக்கம் தானாக முளைத்தது. காலையில் ரோட்டோரம் நிற்கும் பெண்கள், "தாராபுரம் ரோட்டு வேன் தாண்டிருச்சுங்களா?" என்று எழுதுவார்கள். வேனுக்குள் உட்கார்ந்திருப்பவள், "இப்பத்தான் கோயில் முக்கு வந்திருக்கு, ஓடி வாங்க" என்று பதில் போடுவாள். நாங்கள் திட்டமிட்டுச் செய்ததில்லை அது. வேலை விளம்பரத்துக்குக் கீழே இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெபா பார்த்துவிட்டு அதற்கென்று தனி இடம் ஒதுக்கினாள். விடுதி எது பத்திரம், எந்த யூனிட்டில் கழிவறை சுத்தம், எந்த சூப்பர்வைசர் வாய் மோசம் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பார்த்துத்தான் "நம்ம ஏரியா" என்ற பக்கம் வந்தது. யார் வேண்டுமானாலும் படத்தோடு எழுதலாம், உடனே வெளியாகும். விருப்பம் தெரிவிக்கலாம், பதில் எழுதலாம். எதற்கு அதிகப் பதில் வருகிறதோ அது தானாக மேலே ஏறும். காணாமல் போன ஒரு மாணவியின் சான்றிதழ் பை அப்படி மேலே ஏறி, பஸ்ஸில் கண்டெடுத்தவர் கண்ணில் பட்டுத் திரும்பக் கிடைத்தது. மொபைல் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் விளம்பரம் கொடுக்கத் தொடங்கினார்கள். வேலுச்சாமி அண்ணன் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் இளநீர் கொண்டுவந்தார்.

இப்போது அந்த மத்தியானம்.

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் மேசைக்குத் திரும்பியிருந்தோம். அண்ணனும் அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தார். ஜெபா என்னைக் கூப்பிட்ட குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

திரையில் ஒரு படம். தாடி வைத்த ஒருவன், வயது முப்பதுக்குள் இருக்கும். பைக்கின் பின்னால் பெரிய வெள்ளைச் சாக்கு. ஒரு வீட்டு வாசலில் சிறுமி ஒருத்தியிடம் குனிந்து பேசிக்கொண்டிருக்கிறான். அவிநாசிபாளையத்திலிருந்து ரேவதி என்ற பெண் எழுதியிருந்தாள்:

"இந்த ஆள் எங்க ஏரியால சுத்தறானுங்க. தமிழ் சரியா வரல. குழந்தைங்ககிட்ட அம்மா ஊட்டுல இருக்காங்களான்னு கேக்கறான். பெரிய சாக்கு வெச்சிருக்கான். எல்லாரும் குழந்தைங்களைப் பத்திரமாப் பாத்துக்கங்க."

பிள்ளை பிடிக்கிறவன் என்று அவள் எழுதவில்லை. அந்த வார்த்தையை முதல் பதிலில் வேறொருவர் எழுதினார். அதற்குப் பிறகு எல்லாரும் அதையே எழுதினார்கள். நடுநடுவே நிதானமானவர்கள், "நெசமாங்களா?", "போலீஸ்ல சொன்னீங்களா?", "விசாரிக்காம எழுதாதீங்க" என்றும் எழுதியிருந்தார்கள். அந்த நல்ல வரிகளும் பதில் கணக்கில் சேர்ந்து, படத்தை மேலே மேலே ஏற்றிக்கொண்டிருந்தன. நிதானம் சொல்கிறவன் சொல்வதும் நெருப்பை ஊதுகிறவன் ஊதுவதும் அந்த எந்திரத்துக்கு ஒன்றுதான். நாங்கள் பார்க்கும்போது அது பக்கத்தின் உச்சியில் இருந்தது.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கீழே புது வரி வந்தது. "டீக்கடைகிட்ட வண்டிய நிறுத்தியிருக்கான். பசங்க கிளம்பிட்டோம்."

ஜெபா கை பொத்தான் மேல் இருந்தது. "எடுத்துருதேன்க்கா. மொத்தமா அழிச்சுருதேன்."

"சித்த இரு" என்றேன். முதலில் போலீசுக்குப் போன் செய்தேன். ஊர், ரோடு, டீக்கடை, கூட்டம் போகிறது என்று சொன்னேன். வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அங்கிருந்து வண்டி வருவதற்கும் பசங்கள் போய்ச் சேர்வதற்கும் உள்ள தூரத்தை மனசு கணக்குப் போட்டுப் பார்த்தது. பசங்கள் முந்திவிடுவார்கள்.

வேலுச்சாமி அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "தளத்தையே சாத்திப்போடுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பேரு கெட்டுப்போயிரும். நம்ம பக்கத்துல ஒண்ணுமே இல்லைன்னு ஆயிரோணும்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் சொன்னதில் தப்பில்லை. ஜெபா சொன்னதிலும் தப்பில்லை. விஷயத்தை ஒழித்துவிட்டால் மேற்கொண்டு பரவாது. ஆனால் படம் ஏற்கெனவே பலர் கைப்பேசிக்குள் போயிருக்கும். கிளம்பிய பசங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, போன் நம்பர் தெரியாது. அவர்கள் காதில் ஒரு வார்த்தை விழ வேண்டுமானால் எங்களுக்கு இருந்த ஒரே வழி, அவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பதில் வரிசைதான். அதை நாங்களே வெட்டிவிட்டால், "பாரு, மறைக்கறானுங்க" என்ற பேச்சோடு அவர்கள் போய்ச் சேருவார்கள்.

இதை இவ்வளவு தெளிவாக அப்போது சொன்னேன் என்று நினைக்காதீர்கள். "படத்தை மட்டும் எடு, வரிசைய விடு" என்றுதான் வாயில் வந்தது.

"அண்ணே, சாத்திப்போட்டா நம்ம பேரு தப்பிக்கும். அந்த ஆளு தப்பிக்கறதுக்கு வழி என்னங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். "என்னமோ பண்ணுங்க. வெரசாப் பண்ணுங்க."

ஜெபா படத்தை எடுத்தாள். மேலே ஏறுவதையும் நிறுத்தினாள். பக்கத்தின் உச்சியில் எங்கள் பெயரில் நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: "போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார்கள். யாரும் அந்த நபரின் மேல் கை வைக்க வேண்டாம். அவிநாசிபாளையம், பொங்கலூர் பக்கம் பைக்கில் வெள்ளைச் சாக்கோடு வருபவரை உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் உடனே கீழே எழுதுங்கள்."

"தெரியுமா" என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டாம் என்று ஜெபாவுக்கு ஒரு யோசனை இருந்தது. நாங்களே சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால், "அவர் நல்லவர், நம்புங்கள்" என்று எழுத எங்களுக்கு என்ன தெரியும்? எங்களுக்கும் அவனை யாரென்றே தெரியாது. தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ இருந்தார்கள்.

பதில் எழுதுகிறவர்களிடம் நாங்கள் நம்பர் கேட்பதில்லை, படம் போடுகிறவர்களிடம் கேட்போம்; அடுத்து ரேவதியின் நம்பரை எடுத்து அழைத்தேன். பதறிய குரல். பின்னால் குழந்தை அழுதது.

"கண்ணு, நான் தளத்துல இருந்து சாந்தாமணி பேசறேன். பாப்பா நல்லா இருக்குதா?"

"இருக்குதுங்க. உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

"அந்த ஆளு பாப்பாவைத் தொட்டானா? கூப்பிட்டானா?"

"இல்லீங்க. எதுத்த ஊட்டுப் பாப்பாகிட்ட அம்மா இருக்காளான்னு கேட்டான். இல்லைன்னு பாப்பா சொல்லவும் அடுத்த ஊட்டுக்குப் போனான். அங்கயும் அதேதான் கேட்டான். நான் சன்னல்ல இருந்து போட்டோ எடுத்தேனுங்க. பயமாப் போச்சு."

அவள் பயந்தது நியாயம். அதை நான் அவளிடம் சொன்னேன். நீங்களும் எப்போதும் அதை முதலில் சொல்லுங்கள். பயந்தவளைக் குற்றவாளி மாதிரிப் பேசினால் போனை வைத்துவிடுவாள். பிறகு அவளிடமிருந்து ஒன்றும் கிடைக்காது.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெபா என் தோளைத் தட்டினாள். பொங்கலூரிலிருந்து மல்லிகா என்றொருத்தி எழுதியிருந்தாள்.

"அய்யோ அது எங்க பிஜய்ங்க. பீஸ் கொண்டாந்து குடுக்கற ஆளு. நாங்க ஊட்டுல இருந்தே பிசிறு வெட்டித் தர்றமுங்க, மறுநாள் வந்து வாங்கிட்டுப் போவான். சாக்குல பனியன் பீஸ்தான் இருக்கும். ஒடிசாக்காரன். தயவு செஞ்சு ஒண்ணும் பண்ணிறாதீங்க."

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டும் வேலையைக் கம்பெனிகள் வீடுகளுக்கு அனுப்பும். வீட்டில் இருக்கும் பெண்கள் செய்து தருவார்கள். அந்த வேலையைக் கொடுக்க வருகிறவன் வாசலில் நின்று வேறு எதைக் கேட்பான்? அம்மா இருக்கிறாளா என்றுதான் கேட்பான்.

மல்லிகாவுக்குக் கீழே இன்னொருத்தி எழுதினாள். அப்புறம் இன்னொருத்தி. "எங்க தெருவுக்கும் அவன்தான்." "போன வாரம் என்ர பாப்பாவுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சு பீஸ் லேட்டானாலும் பரவால்லைன்னு சொல்லிட்டுப் போனான்." "அவிநாசிபாளையம் அவனுக்குப் புது லைன், இப்பத்தான் ஆள் தேடிட்டு இருக்கான்."

நான் இதை ரேவதிக்குப் படித்துக் காட்டினேன்.

"கண்ணு, இதைய நீ ஒரு வரி எழுதுனீன்னா பசங்க கேப்பாங்க. நீதான் மொதல்ல எழுதுனவ. நாங்க எழுதறது வேற, நீ எழுதறது வேற."

"நான் எழுதுனா என்னையத் திட்டுவாங்களேங்க. பொய் சொல்லி ஊரக் கூட்டுனவன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க" என்றேன். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

குழந்தையை அவள் சமாதானப்படுத்துவது கேட்டது. பிறகு, "டீக்கடை பக்கத்துத் தெருதானுங்க. எழுதிட்டு உக்காந்திருந்தா ஆகாது. நான் போறேன்" என்றாள். பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள் என்று தெரிந்தது. போனை அவள் வைக்கவில்லை. நான் மேசையில் போனைக் கிடத்தி ஒலியைக் கூட்டினேன். வேலுச்சாமி அண்ணனும் ஜெபாவும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

செருப்புச் சத்தம். வண்டிச் சத்தம். பிறகு ஆண் குரல்கள். ஒருவன் இந்தியில் ஏதோ கெஞ்சுகிறான். அதற்கு மேல் ரேவதியின் குரல், இப்போது நடுக்கமில்லாமல்:

"உடுங்கண்ணா. அடிக்காதீங்க. போட்டோ போட்டது நான்தான். நான் தப்பாப் புரிஞ்சுட்டேன். பீஸ் குடுக்க வந்த ஆளு. உடுங்க, குழந்தை பயப்படுது."

"நீதானம்மா எழுதுன?"

"நான்தான். அதுதான் நானே வந்து சொல்றேன். போன எடுத்துப் பாருங்க, எல்லாரும் எழுதியிருக்காங்க."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வார்த்தை ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. யாரோ, "பொங்கலூர் மல்லிகாக்கா எழுதியிருக்குதுடா" என்று படிப்பது மட்டும் கேட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு மல்லிகாவைத் தெரிந்திருக்கிறது. பெயர் தெரிந்த ஒருத்தியின் வார்த்தைக்கு இருந்த மரியாதை எங்கள் அறிவிப்புக்கு இருந்திருக்காது. சற்றைக்கெல்லாம் போலீஸ் வண்டி வந்துவிட்டது என்று ரேவதி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

வேலுச்சாமி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். ரேவதி போய்ச் சேர்வதற்கு முன்பே அவனை அடித்திருந்தார்கள். உதடு கிழிந்து, காதில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். சாக்கைப் பிரித்து ரோட்டில் கொட்டியிருந்தார்கள். குழந்தைகள் பனியன், வெள்ளை. அவற்றைப் பொறுக்கிக் கட்டியதும் ரேவதிதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் படமோ எங்கள் கையை விட்டு எங்கெங்கோ போய், ஒடிசாவில் அவன் ஊர்வரை எட்டிவிட்டது. அதை எங்களால் திரும்ப வாங்க முடியவில்லை. யாராலும் முடியாது.

ரேவதியை அவள் பயந்த மாதிரியே திட்டினார்கள். நாங்கள் அந்த வசைகளை நீக்கிக்கொண்டே இருந்தோம். அவள் தளத்தை விட்டுப் போகவில்லை. கொஞ்ச நாள் எதுவும் எழுதாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

நாங்கள் உட்கார்ந்து பேசி, ஆட்களின் படத்தை யாராவது ஒருவர் பார்க்காமல் வெளியிடக் கூடாது என்று மாற்றினோம். பதில் எண்ணிக்கையை வைத்து மேலே ஏறுவதை நிரந்தரமாக எடுத்தோம். வருகை குறைந்தது. அண்ணன் முகம் வாடினாலும் மறுத்துப் பேசவில்லை. இளநீர் மட்டும் கொஞ்ச நாள் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து மல்லிகா அலுவலகத்துக்கு வந்தாள். கூடவே பிஜய். உதட்டில் தழும்பு தெரிந்தது. படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இவன் உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமாங்க. நான் சொன்னா சரியா வராது, நீயே கேளுன்னு கூட்டியாந்தேன்" என்றாள் மல்லிகா.

அவன் தமிழைத் தேடித் தேடிப் பேசினான். "என் போட்டோ போடணும்."

எனக்குப் புரியவில்லை. "எடுத்தாச்சுங்க. அன்னைக்கே எடுத்தாச்சு."

"இல்லை. மறுபடி போடணும். பேர் போடணும். என்ன வேலை, போடணும். எல்லாரும் பாக்கணும்." நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். "புது தெரு போக பயம். மக்களுக்கு என்னைப் பாத்தா பயம். பேர் தெரிஞ்சா பயம் இல்லை."

ஜெபா அவனை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பிஜய், பிசிறு வெட்டும் வேலைக்குப் பீஸ் கொடுப்பவர், இன்னின்ன தெருக்களுக்கு வருவார் என்று போட்டோம். பாதுகாப்புக்காகப் பதில் பெட்டியை அவள் மூடி வைத்திருந்தாள். அதைக் கவனித்து, "இது ஏன் மூடி?" என்று அவன் கேட்டான். யாராவது தவறாக எழுதிவிடுவார்கள் என்றேன். "கேக்கறவங்க எங்க கேப்பாங்க?" என்றான். திறந்துவிட்டோம். ஆனால் நான் நாள் முழுக்க அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

முதலில் பெண்கள் எழுதினார்கள். எங்கள் தெருவுக்கு வருவீர்களா, ஒரு பீஸுக்கு எவ்வளவு, கத்திரி நீங்களே தருவீர்களா என்று. அவனுக்குத் தமிழ் படிக்க வராது. கைப்பேசியில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, வாயால் சொல்லிப் பதில் ஏற்றினான். ரேவதியும் எழுதினாள். "அண்ணா எங்க ஊட்டுக்கும் பீஸ் குடுங்க." அதற்கு அவன், "சரி" என்று மட்டும் போட்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு பையன் தன் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுதினான். "அண்ணா, அன்னைக்கு உங்களை அடிச்சதுல நானும் ஒருத்தன். மன்னிச்சிருங்க."

பக்கம் நிறைந்துவிட்டது. பையனைப் பாராட்டிப் பலர். "பிஜய் அண்ணா, பதில் சொல்லுங்க", "பெரிய மனசு பண்ணுங்க", "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை" என்று நூற்றுக்கணக்கில் வந்தன. இழந்த வருகையெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தது போல இருந்தது. வேலுச்சாமி அண்ணன் போன் செய்தார்.

"சாந்தா, பிஜய்ய வரச் சொல்லி ஒரு வரி எழுத வெய்யுங்க. ரெண்டு பேரும் கை குடுக்கற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்துப்போடலாம். ஊருக்கே நல்லதுங்க. நம்மளுக்கும் நல்லது."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கே அந்த ஆசை இருந்தது. ஒரு வரி வந்தால் எல்லாருக்கும் மனசு லேசாகிவிடும்.

பிஜய்க்குப் போன் செய்தேன். பையன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஜனங்கள் பதில் கேட்பதையும் சொன்னேன். எழுது என்று சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்துவது கேட்டது. "மறுபடி படிங்க" என்றான். மறுபடி படித்தேன்.

"அவன் எழுதினது, இருக்கட்டும்" என்றான் கடைசியில். "அழிக்காதீங்க. நான் பதில் எழுதலை."

"கோபங்களா?"

"தெரியலை. காது இன்னும் வலி. இப்ப எழுதலை."

அண்ணனிடம் அப்படியே சொன்னேன். "கொஞ்சம் எடுத்துச் சொல்லிப் பாருங்களேன்" என்றார். "அது அவரு எழுதற எடமுங்கண்ணே. நம்ம எழுதற எடம் இல்லைங்க" என்றேன். அவர், "சரிங்க" என்றார்.

ஜெபாவிடம் சொல்லி, "பதில் சொல்லுங்க" என்று வற்புறுத்துகிற வரிகள் மேலும் வராமல் பார்த்துக்கொண்டோம். சிலர் எங்களையும் திட்டினார்கள். பரபரப்பு வடிந்து, கூட்டம் வேறு விஷயங்களுக்குப் போனது. பையன் எழுதியது அங்கேயே இருந்தது. கீழே பிஜய் பெயரில் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் எந்த அலங்காரமும் செய்யாமல் விட்டுவிட்டோம்.

இந்த வேலையில் உங்களை எல்லாரும் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் அளப்பார்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பேசினார்கள். பேச வைப்பதற்கு நூறு வழி கண்டுபிடிப்பீர்கள், அது உங்கள் தொழில். ஆனால் பெட்டியைத் திறந்து வைத்தவர், அதில் ஒருவர் எழுதாமல் இருப்பதையும் காவல் காக்க வேண்டும். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அந்த வாரம் கற்றுக்கொண்டேன்.

நான் வேலையை விட்ட அன்று கடைசியாக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பையனின் மன்னிப்புக்குக் கீழே அப்போதும் பதில் இல்லை. அதற்கு அடுத்து, பொங்கலூரிலிருந்து மல்லிகா கேட்டிருந்தாள், "பிஜய், நாளைக்குப் பீஸ் வருமா?" என்று.

அதற்கு மட்டும் பதில் இருந்தது. "வரும் அக்கா. காலையில வரேன்."